கூடக்கொறைய அண்ணாச்சியும் கடலடிப் பொத்தையும்

வாசகப் பெருமக்களே, உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் இந்த வழக்கை நான் தொடங்க வேண்டும். பொருநை பாயும் இந்த மாவட்டத்தில் வாய்ச்சொல்லுக்குப் பஞ்சம் என்று எவரேனும் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? டவுன் பஸ் நடத்துநர் முதல் பத்திரம் எழுதுபவர் வரை அடித்துப் பேசுகிற ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்து, அதன் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கத் துணியாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எனக்கு அடுத்த அறையில் இருந்தார் என்பது என் தலையெழுத்து.

வண்ணார்பேட்டையில், புறவழிச்சாலையின் இரைச்சலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் மேன்ஷன் எங்களுடையது. மேலே மூன்று மாடி அறைகள், கீழே மெஸ். நான் சட்டம் பயில்பவன். கோயில் கொடை விழாவோ கல்லூரி விழாவோ, ஒலிபெருக்கி கட்டியிருக்கும் எந்த இடத்திலும் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் நிறுத்தினாலும், எதிரணியை எழவிடாமல் பேசுவேன். அத்தகையவனுக்குப் பக்கத்து அறைவாசியாக வந்து சேர்ந்தவர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒரு நெட்டை மனிதர். ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு மடிக்கணினியோடும் வந்து இறங்கினார். மரியாதைக்கு நான்தான் முதலில் பேசினேன்.

"எந்த ஊரு அண்ணாச்சி?"

"அம்பாசமுத்திரம்." சற்று யோசித்தார். "பக்கத்துல. கூடக்கொறைய கெழக்க."

"வயசு?"

"இருவத்தொம்பது. கூடக்கொறைய."

"சொந்த வயசுல என்ன அண்ணாச்சி கூடக்கொறைய?"

"பள்ளிக்கூடத்துல சேக்கதுக்கு எங்க மாமா ஒரு தேதி சொன்னாரு. எங்கம்மைக்கு அன்னைக்கு நல்ல மழைன்னு மட்டுந்தான் ஞாபகம். ரெண்டும் ஒத்து வரலை வே."

அன்று சாயங்காலத்துக்குள் மெஸ் அண்ணாச்சி அவருக்குப் பெயர் சூட்டிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். மெஸ் அண்ணாச்சி, புதிய ஆளாயிற்றே என்று சாம்பாரை ஊற்றிவிட்டு, "உப்பு சரியா இருக்கா வே?" என்று கேட்டார். நம்மவர் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குப் பிறகு, "இருக்கலாம்" என்றார்.

"இருக்கலாமா? நாக்கு ஒம்மகிட்டதான இருக்கு?"

"ரெண்டு வாய் சரியா இருந்துச்சு. ஒண்ணு கூட. சராசரி பாத்தா சரிதான். கூடக்கொறைய."

மெஸ் அண்ணாச்சி கரண்டியை வாளியிலேயே விட்டுவிட்டு எங்கள் எல்லாரையும் பார்த்தார். அதற்குப் பின் அந்த மனிதரின் சொந்தப் பெயரை மேன்ஷனில் ஒருவரும் உச்சரித்ததில்லை.

இந்த நோய் அறைக்குள் அடங்கியிருந்தால் நான் பொறுத்திருப்பேன். அது பொதுமக்களையும் தாக்கியது. வண்ணார்பேட்டை நிறுத்தத்தில் ஒரு நாள், தலைச்சுமையோடு ஓடிவந்த ஓர் அம்மாள், "ஏ தம்பி, இந்த பஸ்சு சீவலப்பேரி போவுமா?" என்று கேட்டார். பஸ்ஸின் நெற்றியில் சீவலப்பேரி என்று ஊரே படிக்கும்படி எழுதியிருந்தது. நம்மவர் அதைப் படித்தார். "போர்டு அப்படித்தான் சொல்லுது" என்றார். அந்த அம்மாள் ஒரு காலைப் படியில் வைத்தவர், அதை எடுத்துவிட்டார்.

"போர்டு கெடக்கட்டும். போவுமா, போவாதா?"

"போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

பஸ் போய்விட்டது. சீவலப்பேரிக்குத்தான் போயிற்று. அடுத்த வண்டி வரும்வரை அந்த அம்மாள் அவருடைய பரம்பரையைப் பற்றிச் சொன்னதில் ஐயம், தயக்கம், சராசரி எதுவும் இல்லை. மேடைத் தமிழுக்கு அதுவல்லவா இலக்கணம் என்று நான் பக்கத்தில் நின்று வியந்துகொண்டிருந்தேன்.

இப்போது அவருடைய தொழிலுக்கு வருகிறேன். பெருமக்களே, சிரிப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். பஸ் எங்கே போகும் என்று சொல்ல முடியாத இந்த மனிதரின் ஆராய்ச்சி, கடலின் அடித்தரை எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது. அதற்காக அவர் கடலில் இறங்கினாரா? இல்லை. கப்பலில் போனாரா? இல்லை. வண்ணார்பேட்டை அறையில், ஓட்டை மின்விசிறிக்குக் கீழே, கைலி கட்டிக்கொண்டு உட்கார்ந்து அளந்தார். கடலை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் தொட்டிருக்கிறாராம். திருச்செந்தூரில் மொட்டை போட்டபோது. அப்போது வயது இரண்டு. கூடக்கொறைய. தண்ணீரென்றால் அவருக்கு அத்தனை பயம். ஜங்ஷனுக்குப் போகும் பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். கோடையில் பாலத்துக்குக் கீழே எருமை நிற்கும் அளவுக்குத் தண்ணீர் கிடந்தாலும் மூடிக்கொள்வார்.

"எதை வச்சு அண்ணாச்சி அளக்கீங்க?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன். பொழுதுபோகாத நேரம், வேறு காரணமில்லை.

அவர் என்னை மூன்றாவது மாடி வராந்தாவுக்கு அழைத்துப் போய்க் கீழே பார்க்கச் சொன்னார். அங்கிருந்து மெஸ்ஸின் பின்கட்டு தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறிக் குழம்பு. குழம்பு வாளி வந்துவிட்டால் தட்டேந்தி எல்லாரும் மொய்ப்பார்கள்.

"வாளி தெரியுதா வே?"

"தெரியலை. தலைதான் தெரியுது."

"தலை எங்கன கூடியிருக்கோ அங்கன வாளி இருக்கு. கடலும் அப்படித்தான். அடியில ஒரு மலை இருந்தா அதுக்குக் கனம் உண்டும்லா? அந்தக் கனம் சுத்தி இருக்க தண்ணியத் தன் பக்கம் இழுக்கும். அங்கன கடலோட மேமட்டமே கொஞ்சம் மேடா நிக்கும்."

"எவ்வளவு மேடு?"

"பெரிய மலைக்கே ஒரு ஆள் ஒசரம், கூடக்கொறைய. அதுவும் பல மைலுக்குப் பரந்து கெடக்கும். கப்பல்ல போறவனுக்குத் தெரியாது. மேல சுத்துத செயற்கைக்கோளுக்குத் தெரியும். அது அளந்து குடுக்க மேட்ட வச்சு ஈர்ப்பைக் கணக்குப் போடணும். ஈர்ப்பை வச்சு மலையைக் கணக்குப் போடணும்."

"அலை அடிக்குமே அண்ணாச்சி. அந்த மேடும் பள்ளமும்?"

"திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தா அலை போயிரும். மேடு நிக்கும்."

உலகக் கடல்களில் பெரும்பகுதிக்கு இன்னும் கப்பல் போய் ஆழம் பார்த்ததில்லையாம். அங்கெல்லாம் இருக்கிற வரைபடம் இப்படித் தலையை எண்ணி வாளியைச் சொன்ன வரைபடம்தானாம். கேட்டுக்கொண்டிருந்த என் மனத்தில் எழுந்த எண்ணத்தை மறைக்க மாட்டேன். எதிரணியில் இப்படி ஒருவர் கிடைத்தால் மூன்றே நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கிடைத்தார். எங்கள் மெஸ்ஸில் ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்குப் பட்டிமன்றம் உண்டு. மெஸ் அண்ணாச்சிதான் நடுவர். சுண்டலும் மைக் செட்டும் அவருடையவை என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி தேவைப்பட்டதில்லை. அந்த ஆண்டு அவர் தேர்ந்தெடுத்த தலைப்பு: "கடலடியில் பொத்தை உண்டா, இல்லையா?" சிறு குன்றை எங்கள் பக்கத்தில் பொத்தை என்போம்.

தலைப்புக்குக் காரணம் இருந்தது. வங்கக் கடலில், இலங்கைக்குக் கிழக்கே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு குன்று கடல்தரைக்கு மேல் எழுந்து நிற்கிறது என்று கூடக்கொறைய அண்ணாச்சி தம் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் எழுதிவிட்டார். வாழ்நாளில் அவர் அடித்துச் சொன்ன ஒரே செய்தி அது. அந்த வழியாக ஓர் ஆய்வுக் கப்பல் ஒலியை அனுப்பி ஆழம் பார்த்துக்கொண்டே போகப் போகிறது. குன்று இருந்தால் ஆய்வேடு கரையேறும். இல்லையென்றால் அத்தியாயம் போயிற்று. உதவித்தொகையும் அந்த ஆண்டோடு தீர்ந்தது. அம்பாசமுத்திரத்தில் மாமாவின் அரிசி ஆலை, உமி பறக்கும் மூலையில் ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. மேன்ஷன் முழுவதும் இது தெரிந்த செய்தி.

கடலுக்கடியில் பாறை இருக்கிறதா என்பதைக் கப்பல் சொல்லும்வரை காத்திருக்க எங்களுக்குப் பொறுமையில்லை. பேசித் தீர்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். 'இல்லை' அணிக்கு நான் தலைவன். 'உண்டு' அணியில், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவரும் கூடக்கொறைய அண்ணாச்சியும்.

என் உரையின் ஒரு பகுதியை மட்டும் தருகிறேன். "நடுவர் அவர்களே, பொத்தையைக் கண்டவர் உண்டா? தொட்டவர் உண்டா? காலில் ஈரம் படாத ஒருவர், கடலின் காலடியில் மலை நிற்கிறது என்கிறார். பாலத்தைக் கண் திறந்து கடக்காதவர், பாதாளத்தைக் கண்டேன் என்கிறார். ஆளுயரத் தண்ணீர் மேட்டை வைத்து மலையைக் காட்டுவாராம். அங்கே அப்படி ஒரு பொத்தை இருக்குமானால், இந்த மேடையில் சொல்கிறேன், அதற்கு என் பெயரைச் சூட்டுங்கள்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிறகு அவர் எழுந்தார். மைக்கைப் பாம்பைப் பிடிப்பது போல எட்டப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு முன்னால பேசுனவரு ரொம்ப நல்லாப் பேசுனாரு."

எதிரணியைப் புகழ்ந்து தொடங்குகிறவனை நாங்கள் பேச்சாளர் என்று கருதுவதில்லை. அவர் அதோடு நிற்கவில்லை.

"அவரு சொன்னதுலயும் நியாயம் இருக்கு. பொத்தை இல்லாம இருக்கவும் வாய்ப்பு உண்டு. அது எவ்வளவுன்னு..."

"ஏ, நீரு எந்தக் கட்சி வே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மருந்துக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். மீதி நேரம் முழுவதையும் கூடக்கொறைய அண்ணாச்சி தம் கணக்கில் எங்கெங்கே பிழை இருக்கலாம் என்று விளக்கவே செலவிட்டார். மணி அடித்ததும், "நல்லவேளை" என்று சொல்லி உட்கார்ந்தார். மெஸ் அண்ணாச்சியின் தீர்ப்பு சுருக்கமானது: "பொத்தை இல்ல. சுண்டல் இருக்கு. வாங்க."

சுண்டல் தட்டோடு அவர் என்னிடம் வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"ஒம்ம பேரை வைக்கச் சொன்னீரே, அது முடியாது வே. கடலடி மலைக்கு உயிரோட இருக்க ஆளு பேரை வைக்கது வழக்கம் இல்ல. நீரு செத்திருக்கணும்." சுண்டலில் ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பொதுவா."

கப்பலிலிருந்து செய்தி வந்தது ஒரு காலை நேரத்தில். மெஸ்ஸில் இட்லி நடந்துகொண்டிருந்தது. கை கழுவும் இடத்தில் அவர் செல்பேசியைக் காதில் வைத்துத் தம் பேராசிரியரிடம், "சரி சார், சரி சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டுத் திரும்பினார். எல்லாரும் பார்த்தோம்.

"பொத்தை இல்ல. தரை சமமா இருக்காம். நான் எழுதுனது தப்பு."

சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

பெருமக்களே, கவனித்தீர்களா? மூன்று வாக்கியங்கள். மூன்றிலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மெஸ் அண்ணாச்சி என் இலையில் கேட்காமலே ஒரு வடையை வைத்தார். "செயிச்சிட்டீரே பேச்சாளரே" என்றார். மருந்துக்காரர் என் முதுகில் தட்டினார். எனக்கு அந்த வடை இறங்கவில்லை. காரணம் இரக்கம் அல்ல, அருவருப்பு. இப்படியா ஒருவன் தோற்பது? எங்கள் கலையில் தோல்விக்கென்று ஒரு முறை இருக்கிறது. கப்பல் தடம் மாறியது எனலாம். கருவி பழுது எனலாம். ஒன்றுமில்லாவிட்டால், கேள்வியே பிழை என்று கேட்டவனைத் திருப்பித் தாக்கலாம். இந்த மனிதர், பஸ்ஸில் யாரோ விட்டுப்போன குடையை எடுத்துக் கொடுப்பது போல என் வெற்றியை என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். எதிர்த்து நிற்க ஆளில்லாத வெற்றியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சுவருக்கு அப்பால் டிரங்குப் பெட்டியை இழுக்கும் ஓசை கேட்டது. திட்டுவதற்காகவே எழுந்து போனேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"அம்பாசமுத்திரம். மாமா ஆலைக்கு."

பக்கத்தில் என்றில்லை. கிழக்கே என்றில்லை. முழு ஊரையும் அப்படியே சொன்னார். எனக்கு அது கேட்கச் சகிக்கவில்லை.

"கப்பல் தப்பா அளந்திருக்கலாம்லா?"

"இல்ல. கப்பல் சரி."

"அப்ப உங்க கணக்கு தப்பு."

"கணக்கும் சரி. கடல் அங்கன மேடாத்தான் நிக்கி. தலை கூடித்தான் இருக்கு."

"தலை கூடியிருக்கு, வாளி இல்லைன்னா என்ன அர்த்தம் அண்ணாச்சி? சும்மா கூடுவானா ஒருத்தன்?"

"வாளி மேசைக்கு அடியில இருக்குன்னு அர்த்தம்."

சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார். கங்கை இமயமலை மண்ணையெல்லாம் வாரிக்கொண்டு வந்து வங்கக் கடலில் கொட்டுகிறது. காலங்காலமாகக் கொட்டிய வண்டல், தெற்கே நம் பக்கம்வரை கடல்தரையில் பரந்து கிடக்கிறது. பொத்தை அதற்குள் புதைந்திருக்கும். புதைந்தாலும் கனம் கனம்தான், தண்ணீரை இழுக்கும். மேலே பார்த்தால் தரை சமம். "நம்ம ஆத்து மண்ணு மூடியிருந்தாலும் மனசு ஆறும்" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டா தப்புன்னு சொல்லிட்டு வந்தீங்க?"

"தரைக்கு மேல நிக்குன்னு எழுதியிருந்தேன். நிக்கலை. தப்புன்னா தப்புதான வே."

"புதைஞ்சிருக்குங்கதை உங்க பேராசிரியர்ட்ட சொன்னீங்களா?"

"அவரு கேக்கலை."

கேட்கவில்லையாம். நான் நீதிமன்றத்தில் நிற்கப் போகிறவன். கேட்கவில்லை என்பதற்காகக் கட்சிக்காரன் தன் தரப்பையே சொல்லாமல் தூக்குக்குப் போவதை என் கண்முன்னால் அனுமதிக்க முடியுமா? இது அன்பு என்று எவரும் திரித்துவிட வேண்டாம்; தொழில் மானம். டிரங்குப் பெட்டியின்மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். சட்டையை மாட்டச் சொன்னேன். அன்றே பல்கலைக்கழகத்துக்கு இழுத்துப் போனேன். நடுவில் ஆற்றுப் பாலம் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அந்த நேரத்தில் அவருக்கு வாதத்தை வரிசைப்படுத்திக் கொடுத்தேன். ஒரு சொல்லும் ஏறவில்லை.

பேராசிரியர் நாங்கள் சொன்னதை முழுதும் கேட்டார். "புதைஞ்சிருக்கலாம்னு எனக்கும் தெரியும். நீங்க எழுதினது வேற. புதைஞ்சிருக்குன்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சார்."

இந்தப் பதிலைக் கேட்டு நான் கூரையைப் பார்த்தேன். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சென்னையிலிருந்து இன்னொரு கப்பல் புறப்படுகிறது, வண்டலுக்குள்ளும் ஒலியை அனுப்பிப் பார்க்கும் கருவி அதில் இருக்கிறது, ஓர் ஆளுக்கு இடமும் இருக்கிறது என்றார். போனால் வாரக்கணக்கில் நடுக்கடல். கையில் சான்றோடு திரும்பினால் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதலாம். அதுவரை உதவித்தொகையை நீட்டிக்கத் தாம் எழுதுவதாகவும் சொன்னார். "உங்களுக்குத் தண்ணி ஆகாதுன்னு சொன்னாங்க. போவீங்களா?"

கூடக்கொறைய அண்ணாச்சியின் வாய் மெல்லத் திறந்தது. அதிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாளுக்குச் சொன்ன அதே பதில்தான் வரும். இந்த வண்டியும் போய்விடும்.

"போவார்" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை.

இதை எழுதும் இந்த நேரத்தில் அவர் கடலில் இருக்கிறார். பொத்தை அகப்பட்டதா என்று எவருக்கும் தெரியாது. மெஸ் அண்ணாச்சி சாம்பாரை ஊற்றிவிட்டு எங்களிடம் உப்பு சரியா என்று கேட்கிறார். நாங்கள் சரி என்கிறோம். அந்தப் பதிலில் அவருக்குத் திருப்தி இல்லை. "ஒழுங்காத் தின்னுட்டுச் சொல்லுங்கலே" என்கிறார்.

அவர் சென்னைக்குப் புறப்பட்ட அன்று வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனது நான்தான். வேறு ஆளில்லை என்பதால் போனேன். டிரங்குப் பெட்டியை எங்கள் காலடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றோம். பாலம் வந்ததும் வழக்கம்போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கம்பியை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, வாந்தி வருதா?" என்று நடத்துநர் கேட்டார்.

"வரலாம்" என்றார் அவர்.

எனக்கு ஏனோ உயிர் வந்தது போல இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "பாலத்துக்கே இப்படின்னா, நடுக்கடல்ல என்ன செய்வீங்க?" என்று அதட்டினேன்.

அவர் என் தோளை இன்னும் இறுகப் பிடித்தார். பஸ் பாலத்தைத் தாண்டி இறங்கியது. கண்ணைத் திறந்தார். என் தோளிலிருந்து கையை எடுக்காமல், நடத்துநரும் முன் இருக்கைக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்:

"நீரு நூறு வயசு இருக்கணும் வே. கூடக்கொறைய கெடையாது, முழு நூறு. அது கழிஞ்ச பொறவு, நான் கண்டுபிடிக்க பொத்தைல நல்ல ஒசரமா ஒண்ணைப் பாத்து, ஒம்ம பேரை வைக்கேன்."